குப்புறக் கிடந்த துண்டு

ஹேமாவதி அக்கா வீட்டில் எதுவும் குப்புறக் கிடக்கக் கூடாது. வாசலில் செருப்பு குப்புற விழுந்தால் சண்டை வரும் என்று எல்லா வீட்டிலும்தான் சொல்வார்கள். அக்கா அதோடு நிற்பதில்லை. தட்டுகளைக் கழுவிக் கவிழ்க்க மாட்டாள், சுவரில் சாய்த்து நிறுத்துவாள். மகள் பிரியங்கா குப்புறப் படுத்துத் தூங்கினால் தோளைப் பிடித்து மல்லாத்திவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள். நான் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் பேசும்போது, போனை மேசைமேல் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால் போதும், நான் திரும்புவதற்குள் அந்த இருட்டிலிருந்து அவள் குரல் வரும்.

“ஏய், நிமித்து வை. யார் மூஞ்சிய அமுக்கி வெச்சிருக்கிற?”

முன்பு இப்படி இல்லை. இது இரண்டு வருஷத்துப் பழக்கம். காரணத்தைப் போன ஆடியில் ஊருக்கு வந்தபோது கேட்டேன். எனக்கு எதையும் ஒருமுறை கேட்டால் நம்பிக்கை வராது. திரும்பப் போய் போனில் இன்னும் இரண்டு முறை கேட்டேன். மூன்று முறையும் ஒரே மாதிரிதான் சொன்னாள்.

அவள் என் பெரியப்பா மகள். பிறந்தது அம்மையார்குப்பத்தில், இரண்டு தறி போட்ட வீட்டில். அந்தத் தறிகளில் சேலையின் முகம் கீழே பார்க்கும். நெய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது அதன் முதுகுதான். முகத்தில் பூ சரியாக விழுகிறதா என்று பார்க்க யாராவது அடியில் நுழைய வேண்டும். அந்த வேலை ஹேமாவதியுடையது. ஏழெட்டு வயதில் தறிக்கு அடியில் போய், அப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்து, அண்ணாந்து பார்ப்பாள். “வலது பக்கம் ஒரு பூ விட்டுப் போச்சு நைனா” என்பாள். ஆறுமுகம் பெரியப்பா பேசாமல் இடது கையால் சரிசெய்வார். எதிரெதிரே இருக்கிறார்கள், அவளுடைய வலம் அவருக்கு இடம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் தன் கண்ணுக்குப் பட்டதைச் சொல்வாள், திருப்பிக்கொள்வது அவர் பொறுப்பு.

பன்னிரண்டாவது முடித்து, தினம் ரயிலேறி அரக்கோணம் போய் லேப் படிப்பு படித்தாள். திருப்பதி பஸ்ஸில் கண்டக்டரான தணிகைமணியைக் கட்டிக்கொண்டு திருத்தணிக்கு வந்தாள். மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலையில் சேர்ந்தாள். அங்கே புற்றுநோய் அறுவை தொடங்கியபோது, நுண்ணோக்கி பார்க்கும் டாக்டர் கஜபதி, “ஹேமா கை நடுங்காது, அவளையே பழக்கிடலாம்” என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு சதை வெட்டுவதுதான் அவள் வேலை. இருபத்திரண்டு வருஷம்.

மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கும்போது, கட்டியைச் சுற்றி நல்ல சதையும் கொஞ்சம் சேர்த்து எடுப்பார்கள். எடுத்த துண்டு சூடு ஆறுவதற்குள் கீழே லேபுக்கு வரும். மேலே நோயாளி மயக்கத்தில் இருப்பார், டாக்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார். ஹேமாவதி அந்தத் துண்டைக் கண்ணாடித் தட்டில் வைத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிற மை பூசுவாள். மேலே நீலம், கீழே பச்சை, அக்குள் பக்கம் சிவப்பு, நெஞ்சு நடுப்பக்கம் மஞ்சள். பிறகு ஓரங்களில் கொஞ்சம் கொஞ்சம் வெட்டி, உறையவைக்கும் பெட்டிக்குள் கல்லாக்கி, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவிக் கொடுப்பாள். கஜபதி பார்ப்பார். கெட்ட செல் மையைத் தொடாமல் உள்ளேயே நின்றுவிட்டால் நல்லது. தொட்டால், அந்தப் பக்கத்தில் உடம்புக்குள் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கம் மட்டும் மேலே இன்னும் கொஞ்சம் எடுப்பார்கள்.

எந்தப் பக்கம் எது என்று தெரிய, அறுக்கும்போதே டாக்டர் இரண்டு கறுப்பு நூல் தைத்து அனுப்புவார். குட்டை நூல் மேலே, நெட்டை நூல் அக்குள் பக்கம்.

“மேல ஒருத்தி தூங்கிகினு இருப்பா. அவளோட ஒரு கையளவு மட்டும் கீழ எங்கூட முழிச்சிகினு இருக்கும்” என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்த அறையில் மலையைப் பார்த்த ஒரே ஜன்னல். சுவரில் ஒரு கோட்டுப் படம், நம்மைப் பார்த்து நிற்கும் ஒரு பெண்ணின் மார்பு. கழுத்துக்கு மேல் வரையவில்லை. புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் அந்தப் படத்துக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார்களாம்.

அது நடந்தது இரண்டு வருஷத்துக்கு முன், ஆடி பரணி அன்று. மலைக்குக் காவடிகள் ஏறிக்கொண்டிருந்தன. காலையில் ஹேமாவதி வழக்கம்போல, பெயரும் பக்கமும் சரிபார்க்க வார்டுக்குப் போனாள். கட்டிலில் ஐம்பது வயதுப் பெண், கழனி வேலை செய்கிறவள். புதிதாக மழித்த தலையில் சந்தனம்.

“உம் பேர் இன்னாம்மா?”

“கன்னியம்மா. ஏன், மொட்ட அடிச்சதால ஆம்பள மாதிரி இருக்கறனா?”

“சாமிக்கா?”

“ஆங். ஊசி போட்டா முடி கொட்டிப் போவும்னாங்க. தரையில கொட்டறத சாமிக்குக் குடுத்தா அவரு இன்னா வேணாம்னா சொல்வாரு. நேத்தே ஏறிக் குடுத்துட்டேன்.”

“எந்தப் பக்கம் ஆபரேசன்?”

“இடது.” சொல்லிக்கொண்டே கன்னியம்மாள், ஹேமாவதியின் வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் அக்குளுக்குக் கீழே வைத்து அழுத்தினாள். “இங்க. கருவேல முள்ளு கணக்கா குத்துது பாரு. டாக்டரம்மா இதுல வலி இருக்காதுன்றாங்க. எனக்குக் குத்துது, நான் இன்னா பண்றது? நீயாவது நம்பு.”

உள்ளங்கையில் எதுவும் படவில்லை. சூடான உடம்பு, அவ்வளவுதான். “நம்பறேன்” என்றாள் ஹேமாவதி.

“முழுசும் எடுக்கக் கூடாதுன்னுதான் கீழ ஒருத்தர் வெட்டி வெட்டிப் பாப்பாங்களாமே, அது நீயா?”

“பாக்கறது டாக்டரு. வெட்டறது நானு.”

“அப்ப நல்லா வெட்டு. மிச்சம் வெச்சி என்ன ரெண்டாந்தரம் மேசைல ஏத்தாத. எந்திரிக்க மாட்டேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கையை மட்டும் விடவில்லை. நர்ஸ் வந்து விடுவித்தாள்.

சாலை முழுக்கக் கூட்டம். அறுவை செய்யும் டாக்டர் அனிதா வந்து சேரவே பதினொன்றாகிவிட்டது. பன்னிரண்டே காலுக்குத் துண்டு கீழே வந்தது. எலுமிச்சை அளவு, மஞ்சள் கொழுப்பு, நடுவில் கல் மாதிரி கட்டி. கையுறைக்குள்ளும் சூடு தெரிந்தது. ஹேமாவதி அதைத் தூக்கிக் கண்ணாடித் தட்டில் வைத்தாள். அப்போதே நெட்டை நூல் உருவிக்கொண்டு வந்துவிட்டது. கொழுப்பில் தையல் நிற்காது, சில நேரம் இப்படி ஆவது உண்டு. நூல் கழன்றால் மேலே போன் செய்ய வேண்டும். டாக்டர் வந்து பார்த்துப் பக்கம் சொல்ல வேண்டும். அதுதான் விதி.

அவள் போன் செய்யவில்லை.

“குட்ட நூலு இருந்துச்சி, அது மேல். அடியில நெஞ்சுச் சதைய ஒட்டின பக்கம் பளபளன்னு ஒரு ஜவ்வு இருக்கும், அத கீழ வெச்சா முன்பக்கம் என்னைப் பாக்கும். சொவத்துல படம் இருக்குது. இடது மாருன்னா அக்குளு என் வலது பக்கம். இதுக்கு எதுக்குடா டாக்டர எறக்கணும்னு நெனச்சேன். ஏற்கெனவே லேட்டு.”

ஜவ்வைக் கீழே வைத்துத்தான் படுக்கவைத்தேன் என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். பிறகு மைப் புட்டிகளை எடுக்கத் திரும்பினாள். அறையில் வேறு யாரும் இல்லை. கஜபதி அடுத்த அறையில் நுண்ணோக்கி முன்னால் இருந்தார். மலையிலிருந்து பம்பைச் சத்தம் வந்தது, ஜன்னல் கண்ணாடி அதற்கேற்ப அதிர்ந்தது. அவள் திரும்பியபோது துண்டு இருந்த இடத்தில்தான் இருந்தது. வலது பக்கம் சிவப்பு, இடது பக்கம் மஞ்சள். பூசி, வெட்டி, உறையவைத்து, சீவினாள். கொழுப்பு எளிதில் உறையாது, கத்தியில் வெண்ணெய் மாதிரி இழுபட்டது. இருபத்தைந்து நிமிஷம் ஆனது.

கஜபதி பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். “அனிதா, மஞ்சள்ல தொடுது. உள்பக்கம், நெஞ்சு நடுவுல. அங்க இன்னொரு சென்டிமீட்டர் எடுத்துடுங்க. மத்த பக்கமெல்லாம் சுத்தம்.”

கேட்டுக்கொண்டு நின்ற ஹேமாவதிக்கு உள்ளங்கை குத்தியது.

வலது கை. காலையில் கன்னியம்மாள் அழுத்திப் பிடித்த இடம். முள் நுனி போல, தோலுக்கு உள்ளிருந்து வெளியே வருவது போல ஒரு குத்தல். உறைப்பெட்டியின் குளிர் என்று நினைத்து விரல்களை மடக்கி மடக்கி நீட்டினாள். குத்தல் நிற்கவில்லை. பம்பையின் அடிக்கு ஒரு குத்து விழுந்தது.

அக்குள் பக்கம்தானே குத்துகிறது என்றாள்? இவர்கள் நெஞ்சு நடுவில் என்கிறார்களே?

மேலேயிருந்து இரண்டாவது துண்டு வந்தது, உள்பக்கத்திலிருந்து புதிதாக எடுத்தது. மிருதுவாக, கட்டி ஒன்றும் இல்லாமல், கன்றுக்குட்டியின் காது மாதிரி இருந்தது. அதை உறையவைத்துச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, கஜபதியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் பார்க்கட்டும். அவள் முதல் துண்டின் மீதியைப் பார்த்தாள். தட்டில் நான்கு நிறத்தோடு கிடந்தது. மேலே ஏதோ மின்னியது. விளக்கு வெளிச்சம் என்று முதலில் நினைத்தாள்.

பிறகு அவள் செய்ததைச் செய்ய வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை என்கிறாள். தட்டை இரண்டு கையாலும் தூக்கினாள். தலைக்கு மேலே தூக்கினாள். அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தாள், தறிக்குள் உட்கார்ந்து பார்ப்பது போல.

கண்ணாடியில் அமுங்கி, முன்பக்கம் கீழே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

துண்டு குப்புறக் கிடந்தது. மின்னியது ஜவ்வு. குப்புறக் கிடந்ததை, முகம் தெரிகிறது என்று எண்ணி வலப்பக்கம் சிவப்பும் இடப்பக்கம் மஞ்சளும் பூசியிருக்கிறாள். அடியிலிருந்து பார்த்தால் எல்லாம் இடம் மாறிக் கிடந்தது. மஞ்சள்தான் அக்குள் பக்கம். துணி என்றால் முகம் கீழேதான் என்று அவள் கைக்குத் தெரியும், கை அப்படியே போட்டிருக்கும். கண்ணோ அடியில் உட்கார்ந்த பெண்ணின் கண், தனக்குப் பட்டதைச் சொல்லிவிட்டது. திருப்பிக்கொள்ள மேலே நைனா இல்லை.

கன்னியம்மாளின் அக்குள் பக்கத்தில் நோய் அப்படியே இருக்கிறது. நெஞ்சு நடுவில் நல்ல சதையை அறுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த அறையில் கஜபதி நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. “இது சுத்தமா இருக்கு ஹேமா. மூடிடலாம்னு சொல்லிடறேன்.” போனில் எண்ணை அழுத்தத் தொடங்கினார்.

அவள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழித்து அதே இடத்தில் திரும்ப வந்திருக்கும், விதி என்று சொல்லியிருப்பார்கள். எத்தனையோ பேருக்கு வருகிறதே. தட்டு இன்னும் தலைக்கு மேலே இருந்தது. அதைக் கீழே வைத்தாள். போய், போனின் குமிழை ஈரக் கையுறையோடு அழுத்தி இணைப்பை வெட்டினாள்.

“சார், மூட வேணாம்னு சொல்லுங்க.”

“ஏம்மா?”

“மஞ்சளும் சேப்பும் மாத்திப் பூசிட்டேன். துண்டு குப்புறக் கெடக்குது.”

“நூல் இருந்துச்சே?”

“நெட்ட நூலு கழண்டுடுச்சி. நான் போன் பண்ணல.”

கஜபதி எழுந்து வந்து தட்டைப் பார்த்தார். இடுக்கியால் ஜவ்வை மெல்லத் தூக்கிப் பார்த்தார். அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. “சொவத்துல அவ்ளோ பெரிய படம் மாட்டி வெச்சிருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு, மேலே பேசினார்.

அனிதா இறங்கி வந்தார். தொப்பிக்கும் முகமூடிக்கும் நடுவில் கண் மட்டும் தெரிந்தது. துண்டை நிமிர்த்திப் போட்டார், விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். “ஆமா, இதுதான் வெளிப்பக்கம்.” வந்த மாதிரியே ஏறிப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்கிறாள் அக்கா.

அக்குள் பக்கம் புதிதாக எடுத்த துண்டில் நோய் இருந்தது. அதற்கும் வெளியே இன்னொன்று எடுத்தார்கள். அதில் இல்லை. இரண்டே முக்காலுக்குத் தையல் போட்டார்கள். கன்னியம்மாள் முழு ஒன்றரை மணி நேரம் கூடுதலாக மயக்கத்தில் கிடந்தாள்.

எல்லாம் முடிந்து ஹேமாவதி வலது கையுறையை உருவியபோது, உள்ளங்கையில் அந்த நெட்டை நூல் சுருண்டு ஒட்டியிருந்தது. கையுறையில் கிழிசல் இல்லை. நடுவில் கையுறை மாற்றியிருப்பாய், ஈரக் கையில் அப்போது ஒட்டியிருக்குமோ என்று நான் கேட்டேன். “இருக்கும்” என்றாள். அடுத்த இரண்டு முறையும் அதையே கேட்டேன். அப்போதும் “இருக்கும்” என்றுதான் சொன்னாள்.

நடந்ததை அன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வேலை போகவில்லை. மூன்று மாசம் மை பூச விடவில்லை, ரத்தம் எடுக்க அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் தையல் பிரிக்கக் கன்னியம்மாள் வந்தாள். அனிதா ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆனாலும் தானே சொல்ல வேண்டும் என்று ஹேமாவதி அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போனாள்.

“உள்பக்கம் ஒரு துண்டு சும்மா எடுத்தது என்னாலதாம்மா.”

“தெரியும்.” கன்னியம்மாள் முந்தானையைச் சரிசெய்தாள். தலையில் கறுப்பாக முடி குத்திட்டு முளைத்திருந்தது. “நல்ல சத தானே அது?”

“நல்ல சததான்.”

“எங்க கெடக்குது இப்ப?”

“மெழுகுல பதிச்சி வெச்சிருக்கோம். பத்து வருசம் வெச்சிருக்கணும்.”

“காட்டு.”

காட்டக் கூடாது. ஹேமாவதி போய் எடுத்து வந்தாள். தீப்பெட்டியில் பாதி அளவு மெழுகுக் கட்டி, நடுவில் வெளுத்த ஒரு தகடு. கன்னியம்மாள் அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். பிறகு கட்டியைத் திருப்பி, மறுபக்கம் மேலே வரும்படி வைத்தாள்.

“இப்பிடி வை. மூச்சு முட்டும்.”

ஹேமாவதி கட்டியை வாங்கக் கை நீட்டினாள். கன்னியம்மாள் இன்னும் கொடுக்கவில்லை.

“அன்னிக்கு மேசையில படுக்க வெச்சாங்களே, மல்லாத்திதான படுக்க வெச்சாங்க? எனக்குக் குப்புற இருந்துச்சி. மூஞ்சி கண்ணாடியில அமுங்கின மாதிரி. நிமித்துங்கடின்னு கத்தறேன், யார் காதுலயும் வுழல. அப்பறம் நீ வந்த.”

“நான் மேல வரவே இல்லம்மா.”

“நீ மேல இல்ல. கீழ இருந்த. எனக்கு அடியில நின்னுகினு, ரெண்டு கையாலயும் என்னைத் தூக்கிப் புடிச்சி, அண்ணாந்து என் மூஞ்சியப் பாத்த. கனவுதான், ஊசி போட்டா வருமாமே.” மெழுகுக் கட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். “நல்லவேள பாத்த.”

தட்டைத் தலைக்கு மேல் தூக்கியதை ஹேமாவதி யாரிடமும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்ததிலும் இல்லை. கஜபதி அப்போது அடுத்த அறையில் இருந்தார்.

கன்னியம்மாள் ஆறு மாசத்துக்கு ஒருமுறை வருகிறாள். இதுவரை ஒன்றும் இல்லை. ஹேமாவதி திரும்பவும் மை பூசுகிறாள். நூல் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் போன் செய்துவிடுகிறாள், அனிதா முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வருகிறார். உள்ளங்கை இப்போதும் சில நாள் குத்துகிறது. அதை அவள் கணக்கில் எடுப்பதில்லை. குத்தினாலும் போன், குத்தாவிட்டாலும் போன்.

போன வாரம் பேசியபோது, அந்த மெழுகுக் கட்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“இருக்குது. பொட்டியில. மாசம் ஒருதரம் தொறந்து பாத்துடுவேன்.”

“எதுக்கு?”

“நேரா கெடக்குதான்னு.”

“கெடக்குதா?”

“நான் நேராத்தான் வெச்சிட்டு வரேன்” என்றாள் அக்கா. அவளுக்குப் பின்னால் சமையலறைச் சுவரில் தட்டுகள் வரிசையாக நின்றிருந்தன. “இந்த மாசம் இன்னும் தொறக்கல.”

என் போன் மேசைமேல் நிமிர்ந்துதான் இருந்தது. இருந்தாலும் எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.